பெப்பெரினா மூட்டை

மலையிலிருந்து இறங்கி வந்த டெல்மிராவுக்கு உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது. விடிந்ததிலிருந்து குனிந்து குனிந்து பெப்பெரினா வெட்டியவள். அந்தக் காட்டுப் புதினாவை மாத்தே பானத்தில் போட்டுக் குடிக்கும் கோர்தோபாக்காரர்கள் யாருக்கும் இடுப்பு வலிப்பதில்லை, வெட்டுகிறவளுக்குத்தான் வலிக்கிறது.

இடுப்பு வலிகூடப் பரவாயில்லை. போன மாதம் வியாபாரி பசான் ஒரு மூட்டையைத் திருப்பிவிட்டான். உள்ளே பூசண நாற்றம். இலை காய்ந்ததா என்று மூட்டைக்குள் முகத்தை விட்டு முகர்ந்து, "கட்டு" என்று சொல்வது எப்போதும் அவள் புருஷன் எலெயுத்தேரியோதான். அதில் அவனை மிஞ்ச அந்தப் பள்ளத்தாக்கில் ஆளில்லை. அவனோ, தான் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது, இவள்தான் பனியில் போட்டுவிட்டாள் என்று பசானிடமே சொல்லிவிட்டான். இன்னொரு மூட்டை கெட்டால் இந்தப் பருவம் முழுக்க வாங்க மாட்டேன் என்றான் பசான், அவளைப் பார்த்து. அலுப்பில் எதையாவது மறந்திருப்போமோ என்று அவளும் பாதி நம்பினாள். அன்றிலிருந்து ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்கவில்லை.

இன்றும், முன்பே வெட்டிக் காயப்போட்டிருந்த இலையை அவன் முகர்ந்து பார்த்துக் கட்டச் சொன்னான். கட்டினாள். வெந்நீர் வைத்து, மாத்தே ஊற்றிய சுரைக்குடுக்கையை அவனிடம் நீட்டிய பிறகுதான், அதில் பெப்பெரினா போட மறந்தது நினைவுக்கு வந்தது. எழுந்து போய் எடுக்கத் தெம்பில்லை. திட்டினால் திட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

அவன் உறிஞ்சினான். "நல்லா மணக்குதே. மேல் ஓடைப் பக்கத்து இலையா?"

டெல்மிரா எழுந்தாள். போய் மூட்டையை அவிழ்த்துத் தன் முகத்தை உள்ளே விட்டாள். புழுங்கிய வாடை குப்பென்று அடித்தது.

மாத்தேயில் இலையே போடவில்லை என்று சொன்னாள். அவன் குடுக்கையைக் கீழே வைத்தான். குளிர்காலத்துக் காய்ச்சலுக்குப் பிறகு அடுப்புப் புகையின் வாடைகூட மூக்குக்குத் தெரிவதில்லை என்றான். வெளியே தெரிந்தால் தன்னை எவன் மதிப்பான் என்றுதான் வாயைத் திறக்கவில்லையாம்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவளுக்கு ஆத்திரம் பொங்கியது, கத்தத்தான் முடியவில்லை. அவன்மேல் இரக்கமும் வந்து தொலைத்தது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நாளைக்கு பசான் வந்தா நீயே பேசு, கிழவா. உன் மூக்கைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம். அந்த மூட்டை கெட்டது என்னால இல்லேன்னு மட்டும் சொல்லிடு."



"ரெண்டும் ஒண்ணுதானே, கிழவி."

"ஆமா" என்றாள் டெல்மிரா.