ஈரத் தம்ளர்

மெழுகுவத்தி ஏற்றிச் சற்று நேரத்துக்கெல்லாம் அலீஸாவின் சமையலறை விளக்கு அணைந்துவிட்டது. பல்பு போகவில்லை. அந்த வாரம் மின்சாரம் போய் வந்ததில் விளக்கைத் தானாகப் போட்டு அணைக்கும் சுவர் டைமரின் நேரம் தப்பிவிட்டது. அதைச் சரிசெய்ய அவள் மறந்துவிட்டாள். வெள்ளி அந்தியில் யூதர்களின் ஓய்வுநாளான சபாத் தொடங்கியபிறகு சுவிட்சைத் தொடக் கூடாது. தட்டுத் தடவிக்கொண்டே வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்தவள், இருபது வருஷப் பழக்கத்தில் மாடிப்படியைப் பார்த்துச் சொன்னாள்.

"என்னமோ இன்னிக்கு என் வீட்ல ஒரே இருட்டு."

போட்டுவிடு என்று வாய்விட்டுக் கேட்கக் கூடாது. தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொல்லலாம். மேல்மாடி நாயிஃபா காதில் விழுந்தால் இறங்கி வருவாள். அலீஸாவுக்காகப் போட்டாலும் ஆகாது என்பதால், "எனக்குத் தாகமா இருக்கு, தம்ளர் எங்கன்னு தெரியல" என்று முணுமுணுத்துக்கொண்டே சுவிட்சைத் தட்டுவாள். தண்ணீர் பிடித்துக் குடிப்பாள், தம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பாள், போய்விடுவாள். விளக்கு அவள் தாகத்துக்காக எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அலீஸா சாப்பிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. முஸ்லிமான நாயிஃபாவுக்கு இந்தச் சட்டமெல்லாம் ஜெப ஆலயத்துக்குப் போகிறவர்களைவிட நன்றாகவே தெரியும்.

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. மேலே யாரும் இல்லை. ஊரில் யூதருக்கும் அரபியருக்கும் கலவரம் நடந்த வாரமே நாயிஃபாவும் அவள் புருஷன் சுபுஹியும் பக்கத்து ஊரான ராம்லேயில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அலீஸா கதவைச் சாத்தவும் மனமில்லாமல் உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

சமையலறையில் சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது.

எழுந்து போய்ப் பார்ப்பதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படிக்கட்டில் ஆள் அரவமே இல்லை. தொட்டி ஓரத்தில் ஒரு தம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது, ஈரம் காயாமல். செத்துப்போன புருஷன் மோரிஸாக இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தாள். மோரிஸ் உயிரோடிருந்தவரை குடித்த தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தவனே இல்லை. அவன் இல்லை என்பது நிச்சயமானதும் பயம் இன்னும் கூடியது. அன்றைக்குச் சூடுதட்டில் வைத்த சோறும் மீனும் அப்படியே கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டுக் கமிட்டி கூடியபோது சொன்னாள். லோத் நகரத்தில் யூதரும் அரபியரும் கலந்திருக்கும் கட்டடம் இது. எட்டு வீட்டில் மூன்று அரபிக் குடும்பங்கள். யாருக்காவது ஆபத்து என்றால் எல்லாரும் படிக்கட்டில் வந்து நிற்பது என்று ஏற்படுத்திக்கொண்ட கமிட்டி அது. செவ்வாய்க்கிழமை அரபி வகுப்பும் நடத்தியது, அதில் அலீஸா சமையல் பெயர்களும் திட்டும்தான் கற்றுக்கொண்டாள். கலவரத்தன்று தடியோடு வந்த கூட்டத்தைக் கமிட்டி படியேற விடவில்லை. ஆனால் தெருவிலிருந்து வந்த கல் நாயிஃபாவின் சன்னல் வழியாகப் போய் அவள் கட்டிலில் விழுந்தது. கல்லைப் படிக்கட்டில் நின்று தடுக்க முடியுமா?

"உங்க சபாத்துக்கு இப்ப பேயும் வேலைக்கு வருதா?" என்றான் தரைத்தளத்து வதீம். ரஷ்யாவிலிருந்து வந்தவன், கமிட்டியின் செயலாளன். "எங்க வீட்டுக்கும் அனுப்புங்க. பாத்திரம் மலையா கெடக்கு."

"சிரிக்காத. நாயிஃபா வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க."

"நானே போய்ப் பாத்தேன். கதவு பூட்டியிருக்கு, சன்னல் எல்லாம் எறக்கியிருக்கு, மீட்டர்கூட ஓடல." வதீம் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "வேற கவல இருக்கு. சுபுஹி வீட்ட வித்திடப் போறாராம். வாங்கறது யார் தெரியுமில்ல? அரபிங்கள ஊர விட்டுக் கெளப்பணும்னு அவங்க வீடா தேடித் தேடி வாங்கறானுங்களே, அவனுங்கதான். இன்னும் ரெண்டு வாரத்துல, ஞாயித்துக்கிழம கையெழுத்து."

அந்த ஒரு வீடு போனால் மற்ற இரண்டும் போய்விடும். அப்புறம் கமிட்டி எதற்கு, வகுப்பு எதற்கு? அலீஸா அன்றே வதீமோடு ராம்லேக்குப் போய்ச் சுபுஹியிடம் கெஞ்சினாள். அவன் காப்பி கொடுத்தான், பதில் கொடுக்கவில்லை. நாயிஃபா சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. அது அலீஸாவை அறைந்தது போல் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை டைமரை வேண்டுமென்றே தப்பாக வைத்தாள். கதவைத் திறந்து அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனாள். தலைக்கு மேலே நாற்காலி நகரும் சத்தம் வந்தது. படியில் செருப்பில்லாத கால்கள் இறங்கின. விளக்கு எரிந்தது, குழாய் ஓடி நின்றது. அலீஸா கட்டிலை விட்டு அசையவில்லை.

மூன்றாவது வெள்ளி, கையெழுத்துக்கு முந்திய சபாத், உள்ளறைக்குப் போகாமல் சமையலறைக் கதவுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டாள். என்னவானாலும் முகத்தைப் பார்த்துவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இருட்டில் ஒரு உருவம் எதிலும் இடித்துக்கொள்ளாமல் உள்ளே வந்தது. சுவிட்ச் எங்கே என்று தேடவில்லை. விளக்கு எரிந்தபோது அதன் கையில் தம்ளர் இருந்தது.

"அடிப்பாவி," என்றாள் அலீஸா.

நாயிஃபா தம்ளரை நழுவவிடாமல் பிடித்துக்கொண்டாள். மெலிந்து போயிருந்தாள். தண்ணீரைக் குடித்து முடித்துக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் திரும்பினாள்.

"குடிக்காம போனா உன் சாப்பாடு கெட்டுப்போகும்," என்றாள்.

"என் சாப்பாட்ட விடுடி. மூணு வாரமா என்ன உயிரோட சாகடிச்சிருக்க. மேல என்ன பண்ற?"

"இருட்டுல உக்காந்திருக்கேன்."

"எதுக்கு?"

"எங்க வீட்டுக்காரர் ஒரு பேச்சு சொன்னாரு. ஒரே ஒரு வெள்ளி சாயங்காலம் விளக்கப் போட்டு, சன்னலத் தொறந்து வெச்சுட்டு உக்காந்துட்டு வா, கல்லு விழலன்னா கையெழுத்துப் போடலன்னாரு. தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு அண்ணிகிட்ட சொல்லிட்டு வர்றேன். வந்து உக்கார்றேன், கை சுவிட்சுகிட்ட போகுது, அவ்வளவுதான். அந்தக் கல்லு இன்னும் கட்டில் மேலயே கெடக்குது அலீஸா. நீ வாசல்ல வந்து இருட்டுன்னு சொல்ற. உன் சுவிட்சத் தட்ட முடியுது. என்னுதத் தட்ட முடியல."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல."

"சொன்னா நீ கூட வந்து உக்காருவ. உம் மேல விழுந்தா?"

அலீஸா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படியேறினாள். நாயிஃபா பின்னாலேயே வந்தாள். மேல்வீட்டில் புழுதியும் பூட்டிக் கிடந்த வாடையும் அடித்தன. அலீஸா சன்னல் மறைப்பின் பட்டையைப் பிடித்து இழுத்தாள். அதைச் செய்ய சபாத்தில் தடையில்லை. பலகைகள் கடகடவென்று ஏறியபோது அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். எந்த வீட்டிலும் பேச்சுக்குரல் இல்லை. இரண்டு நாற்காலிகளைச் சன்னலோரம் போட்டு ஒன்றில் உட்கார்ந்தாள்.

"உனக்கு வெளிச்சம் வேணும்னா போட்டுக்கோ. நான் கேக்கல," என்றாள்.

நாயிஃபா வெகுநேரம் சுவரருகே நின்றாள். பிறகு விளக்கு எரிந்தது. வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. அலீஸா அதைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஜெப ஆலயம் விட்டு ஆட்கள் வரும் நேரம். எதிர்ச்சுவர் ஓரமாக வெள்ளைச் சட்டைகள் ஒன்றொன்றாக வந்து நின்றன. முகங்கள் நிழலில் இருந்தன. எல்லாரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யார் அங்க?" என்றது ஒரு குரல்.

"அலீஸா. மூணாவது மாடி." அவள் நாயிஃபாவின் கையைத் தெருவுக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள். "இவ நாயிஃபா. இது இவ வீடு."

சட்டைகளில் சில விலகிக் கட்டடத்தை நோக்கி வந்தன. வாயிற்கதவு திறந்து மூடியது. படியில் காலடிகள் ஏறத் தொடங்கின. ஒருவர் இருவர் அல்ல, நிறையப் பேர். இடையில் ஒரு வீட்டுக் கதவு திறந்தது, இன்னொன்று திறந்தது. அவர்கள் வழிமறிக்கிறார்களா, கூடவே ஏறுகிறார்களா என்று தெரியவில்லை. காலடிகள் மட்டும் நிற்கவில்லை.

"கதவப் பூட்டிடட்டுமா?" என்றாள் நாயிஃபா.

"வேணாம். வர்றது யாரானாலும் நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாக்கட்டும்."

நாயிஃபா எழுந்தாள். கட்டிலின் மேல் கிடந்த கல்லை எடுத்துத் தரையில் வைத்தாள், விரிப்பிலிருந்த கண்ணாடித் தூளை உதறினாள். வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டும் என்பது போலக் கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்துக் அறையின் நடுவுக்குக் கொண்டுவந்தாள். காலடிகள் மூன்றாவது மாடியைத் தாண்டிக்கொண்டிருந்தன.