தலையில் வைத்தது திரும்பப் பெறப்படாது

இணையத்தில் விக் கடை திறப்பதற்கு முன்னால் அக்கா வக்கீலிடம் போனது ஒரே ஒரு பயத்தினால்தான். கண் பூத்துப்போகும்வரை முடி முடியாக வலையில் கோர்த்துச் செய்த விக்கை, எவளாவது ஒரு விசேஷத்துக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டு, "பிடிக்கலை" என்று திருப்பி அனுப்பினால்?

"ரிட்டர்ன் ஒப்பந்தத்தை மட்டும் கறாரா எழுதிக் குடுங்க சார். தலையில வச்சதைத் திரும்ப எடுக்க மாட்டோம்னு."

"கஸ்டமர்கிட்ட இருந்து என்னென்ன வாங்குறீங்க? அதுக்கும் ஒரு ஒப்பந்தம் வேணுமேம்மா," என்றார் வக்கீல்.

"என்ன பெரிசா, அட்ரஸ், போட்டோ. அதைத் தம்பி பாத்துப்பான்."

தம்பி பார்த்துக்கொண்ட லட்சணம் இது: ஏதோ ஒரு போட்டோ ஃப்ரேம் கடையின் தளத்திலிருந்து அந்த ஒப்பந்தத்தை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து ஒட்டிவிட்டான். வாடிக்கையாளர் அனுப்பும் படங்களைக் கடையின் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று அதில் ஒரு வரி. ஃப்ரேம் கடைக்கு வருவது குழந்தை சிரிக்கும் படம். இங்கே வருவதோ, சிகிச்சையில் முடி கொட்டிப்போன தலையை நாலு பக்கமும் திருப்பிக் காட்டும் படம். அளவுக்காக அக்கா கேட்டு வாங்குவது. இந்த வித்தியாசம் இரண்டு பேர் புத்தியிலும் உறைக்கவில்லை.

டீச்சர் ஒருவருக்குச் செய்த விக் அத்தனை அழகாக அமைந்துவிட்டது. விக் இல்லாமல் ஒரு படம், விக்கோடு ஒரு படம் என்று விளம்பரம் போட்டால் ஆர்டர் குவியும் என்றான் தம்பி.

"அவங்களை ஒரு வார்த்தை கேக்க வேணாமாக்கா?"

"ஒப்பந்தத்துக்கு டிக் பண்ணித்தானே ஆர்டர் குடுத்தாங்க? போடுடா."

தன் கைவேலையைப் பார்த்த பூரிப்பில், அந்தத் தலைக்குக் கீழே ஒரு முகம் இருந்ததை அவள் பார்க்கவே இல்லை.

மறுநாள் டீச்சரே போன் செய்தார். வகுப்பில் பிள்ளைகள் அந்தப் படத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்களாம். குரலில் கோபம்கூட இல்லை.

அக்காவின் வாய்தான் முந்திக்கொண்டது. "நீங்க டிக் பண்ணியிருக்கீங்களே மேடம். படிச்சுப் பாக்கலையா?"

பக்கத்தில் இருந்த தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான்.

"படிச்சேம்மா. ஒரு வரி விடாம படிச்சேன். டிக் பண்ணாட்டி ஆர்டரே போகலை. ஸ்கூல் திறக்கறதுக்குள்ள விக் வேணும். வேற என்ன செய்ய?"

அக்காவுக்கு முகமெல்லாம் எரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது. படத்தை எடுக்கச் சொல்லித் தம்பிக்குக் கை காட்டினாள். அவன் எடுத்தான். பிள்ளைகளின் போனிலிருந்து யார் எடுப்பது?

"மன்னிச்சிடுங்க மேடம். என்ன செய்யணும்னாலும் சொல்லுங்க, செய்யறேன்."

"எல்லாரும்தான் பாத்தாச்சே. இனிமே யாருக்கு மறைக்க? விக்கை உங்களுக்கே அனுப்பிடலாம்னு பெட்டியில வச்சேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. தலையில வச்சதைத் திரும்ப எடுக்க மாட்டீங்களே. அதையும் படிச்சிருக்கேன்."

அந்த வரியை வக்கீலிடம் கேட்டுக் கேட்டு எழுதி வாங்கியது அக்காவேதான்.