லாரா எஞ்சினாக நடிக்கிறாள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஜெர்மனித் தமிழரைப் பற்றி ஒரு சிறப்பிதழுக்குக் கதை கேட்டார்கள். விமானம் வருகிற கதை, சிரிக்கலாம் என்று கடிதம் எழுதினேன். இதழாசிரியர் ஒரே வரியில் பதில் போட்டார்: “விமானம் சரி, குண்டு எங்கே?”

ஐயா, குண்டு விழுந்தது. போர்க்காலத்தில், ஊரில் எங்கள் வீட்டுக் கூரையிலேயே விழுந்தது. அதை நான்கு கதைகளில் எழுதினேன், நான்கையும் நீங்களே அச்சிட்டீர்கள். ஐந்தாம் தடவையும் அதே கூரையில் விழவேண்டுமா? கூரைக்கும் ஒரு மானம் ரோசம் இல்லையா?

முதல் தொடக்கம்: ஹனோவரின் சாம்பல் வானத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு விமானம்

(அடித்துவிட்டேன். இந்த வாக்கியம் என்னைக் கேட்காமலே பதுங்குகுழிக்கு ஓடுகிறது.)

2

இரண்டாம் தொடக்கம். 2005ஆம் ஆண்டு. தக்சாயினி கிழமை நாட்களில் ரொட்டி சுடும் வெதுப்பகத்தில் வேலை செய்பவள், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. ஆண்டு விழாவுக்கு அவள் ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் படத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். ஒரு பல் வைத்தியப் பெண் மஞ்சள் விமானத்தில் தீவு தீவாகப் பறந்து பல் பிடுங்குகிறாள். பக்கத்து இருக்கையில் ஓர் ஆடு. துரத்திவரும் வானக் கொள்ளைக்காரர் அத்தனை பேருக்கும் சொத்தைப் பல்.*

* படம் என் கற்பனை. கடையில் தேடாதீர்கள்.

டிவிடி வட்டில் இருப்பது ஜெர்மன் பேச்சு. பெற்றோரில் பாதிப் பேருக்கு அது விளங்காது. ஆகவே ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு, பிள்ளைகள் மேடையோரம் நின்று தமிழில் பேசுவதென்று ஏற்பாடு. ஒன்பது வயது லாராவுக்குத் தமிழ் வசனம் நாக்கில் நிற்பதில்லை. போன வருடம் மரமாக நின்றாள், அதற்கு முந்தின வருடமும் மரம். இந்த முறை தக்சாயினி அவளை எஞ்சினாக்கினாள். லாரா உதட்டைக் குவித்து “ப்ர்ர்ர்” என்றால் விமானம் கிளம்பிவிடும். மூன்று மாதம் வீட்டிலும் பேருந்திலும் அதே பயிற்சி.

3

விழாவுக்கு முதல் நாள் பள்ளி நிர்வாகி கதிர்காமநாதன் வந்தார்.

“தங்கச்சி, படத்தைப் போடுங்கோ. பிளேன் சத்தம் மட்டும் வேண்டாம். எங்கட சனத்துக்கு ஏலாது. என்ர மனுசி இப்பவும் ஹெலிகொப்டர் பறந்தா கீழ, நிலத்துக்கடி கெல்லருக்குள்ள போய் இருக்கிறா.”

“அண்ணை, இந்தப் பிள்ளையளுக்கு பிளேன் எண்டால் லீவுக்கு ஸ்பெயின் போற சாமான். லாராவுக்கு வேற வேசம் இல்லை. திரும்பவும் மரமா நிக்கச் சொல்லுறியளோ?”

“மரத்துக்கென்ன குறை?”

“உங்கட மனுசி, கமலநாயகி அக்காவிட்டக் கேட்டனீங்களோ?”

“அதெல்லாம் கேக்கிற விசயமே?”

தக்சாயினிக்குக் கோபம் உச்சியில் ஏறியது. பயந்தவர்களின் பயத்தைப் பற்றிக்கூட இன்னொருவர்தான் முடிவெடுப்பதா?

4

(கதிர்காமநாதனை வில்லனாக்கி இரண்டு பத்தி எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஹெலி பறக்கும்போதெல்லாம் நிலவறைக்குத் தேத்தண்ணி கொண்டுபோய், அது போகும்வரை மனைவிக்குப் பக்கத்தில் இருப்பவர் அவர்தான். ஒரு மனிதரை முழுதாக வெறுக்கவும் விடாது. என்ன தொழில் இது!)

5

மண்டபம். திரையில் மஞ்சள் விமானம் சத்தமில்லாமல் ஓடுபாதையில் உருண்டது. எஞ்சின் சத்தத்தை வைத்தே பேசப் பழகிய பிள்ளைகள் வசனத்தைத் தவறவிட்டார்கள். லாரா ஓரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நிர்வாகி கேட்டபடி, தக்சாயினி அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

தக்சாயினியால் அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒலிவாங்கியைக் கொண்டுபோய் லாராவின் கையில் கொடுத்தாள்.

“செய்.”

“ப்ர்ர்ர்ர்ர்!”

விமானம் எழும்பியது. கடலுக்கு மேலே வந்தது. இரண்டாம் வரிசையில் கமலநாயகி சடாரென்று எழுந்தார். கதிர்காமநாதன் அவர் முழங்கையைப் பிடித்தார். லாரா நிறுத்திவிட்டாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

6

இதழாசிரியர் விரும்பும் முடிவு: கமலநாயகி கதிரைக்கு அடியில் பதுங்குகிறார். விளக்குகள் எரிகின்றன. எல்லோரும் அழுகிறார்கள். அச்சுக்குப் போகலாம்.

நான் வைத்திருந்த முடிவு: கமலநாயகி சிரித்துக் கைதட்டுகிறார். இருபது வருடப் பயம் ஒரு “ப்ர்ர்”ருக்குப் பறந்துவிட்டதாம். யார் காதில் பூச்சுற்றுகிறேன்?

வெட்கமாக இருக்கிறது. ஆறாம் பகுதி வரை வந்துவிட்டேன், அந்த மனுசிக்கு ஒரு வரி கொடுக்கவில்லை. கதிர்காமநாதன் கேட்கவில்லை என்று கொதித்தேனே, நான் மட்டும் கேட்டேனா?

கமலநாயகி மேடையைப் பார்க்கிறார். அவர் உட்காரவில்லை. கணவரின் பிடியை விலக்குகிறார்.

“விடுங்கோப்பா. பிள்ளை, ஏன் நிப்பாட்டினனீ? எஞ்சின் நிண்டால் அந்த மனுசி ஆட்டோட கடலுக்குள்ளயெல்லோ விழுவா!”

இதற்குமேல் எழுத மாட்டேன். விமானம் நடுக்கடலுக்கு மேலே நிற்கிறது. லாராவுக்கு மூச்சு வாங்குகிறது, உடனே தொடங்க முடியாது. கமலநாயகி நின்றபடியே காத்திருக்கிறார்.

நீங்கள் சும்மா வாசித்துக்கொண்டிருந்தால் எப்படி? உதட்டைக் குவியுங்கள்.