எங்கட கிணத்துக்கு ஏன் வேலி

பாட்டென்றால் அதில் சொல் இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆட்கள் நாங்கள். றஞ்சினியின் நால்வர் குழு மன்னார்ப் பக்கத்து அரிப்பு என்ற ஊரின் கோயில் முற்றத்தில் முதன்முதலாக வாசித்தபோது, முன்வாங்கில் இருந்த ஒருவர் நெடுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாட்டுக்காரி இன்னும் வந்து சேரேல்லையோ?"

"நாங்கள்தான் பாட்டுக்காரர். சொல்லை வீட்டில விட்டிட்டு வந்தனாங்கள்" என்றாள் றஞ்சினி.

அவள் பியானோக்காரி. மெட்டுகளை அமைப்பவளும் அவளே. இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்த காலத்தில், பக்கத்துக் கன்னியர் மடத்தைக் கூட்டித் துடைக்கப் போய் அங்கிருந்த பழைய பியானோவில் கை வைத்தவள். ஜாஸ் என்ற இசையையும் அங்கேதான் கேட்டாள். எல்லாரும் ஒரு மெட்டைச் சேர்ந்து வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அதைத் தூக்கிக்கொண்டு தத்தம் வழியில் போவார்கள். கடைசியில், கோபித்துக்கொண்டு போன சகோதரங்களைப் போல ஒரே வாசலுக்குத் திரும்பி வருவார்கள். அவ்வளவுதான் பிள்ளைகளே, பயப்பட ஒன்றுமில்லை.

யுத்தம் முடிந்து ஊருக்கு வந்தவள் ஆட்களைச் சேர்த்தாள். கோயில் பாண்டில் ஊதிக்கொண்டிருந்த வின்சன்டுக்கு சக்ஸபோன். மலைநாட்டிலிருந்து வந்து அடம்பனில் குடியேறி வயல்வேலைக்குப் போகிற சிங்கராசாவுக்கு பேஸ் கிற்றார். ட்ரம்ஸ், மறிச்சுக்கட்டி என்ற ஊரைச் சேர்ந்த சனூன். குடும்பத்தோடு ஊரைவிட்டு விரட்டப்பட்டுப் புத்தளத்து முகாமில் வளர்ந்து, தாய் உம்மு ஸல்மாவோடு ஊர் திரும்பியவன்.

அந்தத் தாயின் கதையைக் கேளுங்கள். காடு மூடிக்கிடந்த தன் வீட்டு வளவை அவர் தட்டித் தடவிக் கண்டுபிடித்தார். வீடு இல்லை. கிணறு மட்டும் இருந்தது. கிணற்றைச் சுற்றி முள்ளுக்கம்பி. உள்ளே அரசாங்கக் காவல்காரன் ஒருவன். "எங்கட கிணத்துக்கு ஏன் வேலி?" என்று கேட்டார். தனக்கு மேலே உள்ளவரைக் கேட்கச் சொன்னான் அவன். மேலே உள்ளவர் கந்தோரைக் கேட்கச் சொன்னார். கந்தோரில் இருந்த அலுவலர்கள் நாளைக்கு வரச்சொன்னார்கள். மாமனார் வெட்டிய கிணறு, தான் மருமகளாக வந்து தண்ணீர் அள்ளிய கிணறு. அதற்கு நாளைக்கு வா என்கிறார்கள்!

சனூன் இதை ஒத்திகையில் தாய் கேட்ட மாதிரியே கேட்டுக் காட்டினான். 'எங்கட' என்று தாழத் தொடங்கிய குரல் 'ஏன்' என்ற இடத்தில் எழும்பியது. 'வேலி'யில் இறங்காமல் அங்கேயே நின்றது. றஞ்சினி அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே பியானோக் கட்டைகளில் வைத்தாள். அதுதான் மெட்டு. பெயரும் அதுதான். பெயர் தெரிந்தவனுக்கு சக்ஸபோன் கேட்கிற கேள்வி தெளிவாகக் கேட்கும். தெரியாதவனுக்கு அது வெறும் ஊதல்.

மற்ற மெட்டுகளுக்கும் அப்படித்தான், தண்ணீர் கொண்டுவரும் பவுசருக்கும் கந்தோர் வாசலிலும் காத்துக்கிடந்த சனங்களின் வாயிலிருந்து எடுத்துப் பெயர் வைத்தாள்: 'பவுசர் இண்டைக்கும் வரேல்லை', 'திரும்பவும் போட்டோகொப்பி', 'சேர் சாப்பிடப் போயிட்டார்'.

கொழும்பு நிறுவனம் ஒன்று இவற்றைப் பதிவுசெய்து சீடியாகப் போட முன்வந்தது. மன்னாரில் வெளியீட்டு விழா. அன்று பின்னேரம்தான் பெட்டிகள் வந்தன. றஞ்சினி ஒன்றைப் பிரித்து அட்டையைப் பார்த்தாள். நம்பிக்கை. விடியல். பொறுமை. கிணற்று மெட்டு இருக்கவேண்டிய இடத்தில் 'நல்லிணக்கம்'.

நிறுவனத்தின் பொறுப்பாளர் ஜெகதீபனிடம் அட்டையை நீட்டினாள். "இது ஆற்ற சீடி?"

"உங்கடதான் தங்கச்சி. வெளிநாட்டில கேக்கிற ஆக்களுக்கு பவுசர் எண்டால் என்ன விளங்கும்? பேரை மட்டுந்தானே மாத்தினனாங்கள். ஒரு சுரத்தில கை வைக்கேல்லையே."

"ஆஸ்பத்திரியில உங்கட பிள்ளைக்கு ஆரோ ஒருத்தர் வேற பேரை எழுதிப்போட்டு, பிள்ளையில கை வைக்கேல்லை எண்டால் பேசாமத் தூக்கிக்கொண்டு போவியளோ?"

சிங்கராசா எட்டிப் பார்த்தான். "நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்காம நம்ம புள்ளைக்குக் கல்யாணமே முடிச்சு வச்சிட்டாங்க அக்கா."

ஜெகதீபன் சிரிக்கவில்லை. "எனக்கு மேலயும் ஆக்கள் இருக்கினம். இந்தப் பேரோட வெளிவரும், இல்லாட்டி வராது. யோசியுங்கோ."

நல்லிணக்கம் கெட்ட சொல் இல்லை, பிள்ளைகளே. ஆனால் ஒரு மனுசி கேட்ட கேள்வியின் வாயில் அதைத் துணியாகத் திணித்தால், அது என்ன இணக்கம்?

விழா தொடங்கியது. முன்வரிசையில் விருந்தினர், மாலைகள். அறிவிப்பாளர் குரலைத் தேனாக்கிக்கொண்டு சொன்னார்: "முதலாவதாக, நல்லிணக்கம்."

றஞ்சினி கையை மடியில் வைத்துக்கொண்டாள். அறிவிப்பாளர் இன்னொரு தடவை சொன்னார்.

"அப்பிடி ஒண்டு எங்களிட்ட இல்லை" என்றாள் அவள்.

மூன்றாம் வரிசையிலிருந்து உம்மு ஸல்மா எழும்பினார். "என்ன மகள், ஏன் சும்மா இருக்கிறீங்க?"

"உங்கட கேள்வியை எடுத்துப்போட்டினம், உம்மா."

"எடுத்துப்போட்டாங்களா? மறுமொழி சொல்லிட்டுத்தானே எடுக்கணும்! யாரு சொன்னது மறுமொழி? எனக்குக் கேக்கல்லையே!"

சபை திரும்பிப் பார்த்தது. அவர் முன்வரிசையைப் பார்த்து, அன்று வேலியடியில் கேட்ட அதே குரலில் கேட்டார்: "எங்கட கிணத்துக்கு ஏன் வேலி?"

குரல் அடங்குமுன் வின்சன்ட் ஊதினார். அதே ஏற்றம், அதே நிற்பு. சக்ஸபோன் என்ன கேட்கிறது என்று அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் விளங்கியது. றஞ்சினி உள்ளே வந்தாள், சனூன் அடித்தான், சிங்கராசா கீழே நின்று தாங்கினான். விருந்தினர் ஒருவர் தண்ணீர்ப் போத்தலைத் திறக்கத் தெரியாமல் திருகிக்கொண்டிருந்தார்.

வாசித்து முடிந்ததும் ஜெகதீபன் மேடையடிக்கு வந்து மெதுவாகச் சொன்னார்: "பெட்டியளைத் திருப்பிக் கொண்டுபோறன். இனி உங்களை ஒருத்தரும் பதிவுசெய்ய மாட்டினம், தெரியுந்தானே?"

"தெரியும்" என்றாள் றஞ்சினி. முகாமிலிருந்து சுமந்துவந்த ஆசையல்லவா? பெட்டிகளை வான் வண்டியில் ஏற்றும்போது அவள் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

அடுத்த கிழமை ஜெகதீபனே போன் எடுத்தார். பெரியவர்களோடு கதைத்துவிட்டாராம். ஒரு நடுவழி கண்டிருக்கிறார்களாம்.

"வேலியை மட்டும் விட்டிடுவம், தங்கச்சி. 'கிணறு' எண்டு போடுவம். வடிவான பேர். ஓமெண்டு சொல்லுங்கோ, நாளைக்கே அச்சுக்குக் குடுக்கிறன்."

"ஓம்" என்றாள் றஞ்சினி. "நீங்கள் மறிச்சுக்கட்டியில அந்த வேலியைக் கழட்டுங்கோ. அண்டைக்கே நான் பேரிலயிருந்து கழட்டிறன்."

அவர் பிறகு போன் எடுக்கவேயில்லை.