பன்னிரண்டாம் நண்டின் துடிப்பு

1
இந்தக் கதை ஒரு தாளிலிருந்து வந்தது. உழவர்கரையில் பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. மேலே ‘34 டிகிரி, நண்டு 12’; கீழே வரிசையாகப் பென்சில் புள்ளிகள். மீதியெல்லாம் என் இட்டுக்கட்டல். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வராதீர்கள்.

2
‘புதுச்சேரிக் கடற்கரையில் அலைகள்...’

வேண்டாம். இது பாகூர் வயல் நண்டு.

2006, மே மாதம். ஆய்வு மாணவி ஷாஹீன் ஆய்வகத்தில் நண்டின் இதயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.* ஒரு துடிப்புக்கு ஒரு புள்ளி. நிமிடம் முடிந்ததும் புள்ளிகளை எண்ணுவாள். தண்ணீர் சூடேறினால் துடிப்பு கூடும், மிஞ்சினால் தடுமாறும். எந்தச் சூட்டில் தடுமாறுகிறது என்பதுதான் ஆய்வு. இருபது நாளில் ஆய்வேட்டைக் கொடுத்தால் காரைக்காலில் விரிவுரையாளர் வேலை. இல்லையென்றால் அது வேறொருவருக்கு.

(*முதுகு ஓட்டை நடுவில் இழைத்து மெலிதாக்கினால் உள்ளே துடிப்பது தெரியும்.)

3
கணக்கு இடித்தது. அதே சூட்டில், போன மாதத்தைவிடத் துடிப்பு அதிகம். ஆய்வக உதவியாளர் காத்தவராயனிடம் கேட்டாள்.

“வெயில் கொளுத்துதேம்மா. பாவம்னு டெய்லி சாயந்திரம் தொட்டியெல்லாம் ஏசி ரூம்ல வச்சிட்டுப் போறேன். காலையில எடுத்துடுவேன்.”

“எத்தினி நாளாண்ணா?”

“மூணு வாரம் இருக்கும். தப்பாம்மா?”

நண்டுகள் குளிருக்குப் பழகிவிட்டன. அப்படிப் பழகிய நண்டுக்கு அதே சூட்டில் துடிப்பு கூடும். மூன்று வாரப் புள்ளிகளும் வீண். அவளுக்கு அழுகை வந்தது. பரிவு காட்டிய மனிதரைத் திட்டவும் மனம் வரவில்லை.

4
இங்கே அவளைக் கொஞ்சம் பொய் சொல்ல வைக்க நினைத்தேன். கதைக்கு ருசி கூடும். பழைய எண்களை ஒட்டிப் புது எண்களை அவள்...

[முடிக்க விடவில்லை. நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள். என் கதாபாத்திரமும் அப்படித்தான்.]

“இனிமே தொட்டிய நவுத்தாதீங்கண்ணா. பதினாலு நாள் வெளியவே இருக்கட்டும். மறுபடி எண்றேன்.”

“நாள் பத்துமாம்மா?”

“ஆறு நாள் மிச்சம் இருக்குது. பன்னெண்டு நண்டு. எண்ணிடுவேன்.”

5
கடைசி நாள், கடைசி நண்டு. இதை அட்டவணையில் ஏற்றினால் ஆய்வேடு பைண்டிங்குக்குப் போகும்.

முடிவு ஒன்று: எண்ணி முடித்தாள், வேலை கிடைத்தது.
முடிவு இரண்டு: கரண்ட் போனது, தண்ணீர் ஆறியது, வேலை...

என்னிடம் உள்ள தாளில் இரண்டாம் வரிசை பாதியில் நிற்கிறது. மிச்சப் புள்ளிகளை நானே வைத்துவிடலாம். பென்சில் கையில்தான் இருக்கிறது. ஷாஹீனை இட்டுக்கட்டினேன், காத்தவராயனின் பரிவையும் இட்டுக்கட்டினேன். இந்த எண்ணை மட்டும் மாட்டேன். அவள் செய்ய மறுத்ததை, அவள் பெயரைச் சொல்லி நான் செய்வதா?

கட்டத்தைக் காலியாகவே விடுகிறேன். கண்ணால் பார்த்து எண்ணியவர் யாராவது இருந்தால் நிரப்புங்கள். மற்றவர்கள் தொடவேண்டாம்.

34 டிகிரி, நண்டு 12: ______