அரசிதழ் வாசித்த பொடி

தடை ஆணை அரசிதழில் வெளியான அன்று காலை, ஆய்வகத்து இரும்பு அலமாரியில் அரக்கு முத்திரையோடு கிடந்த வெள்ளைப் பொடி, தன் மூலக்கூறிலிருந்த குளோரினைக் கழற்றிவிட்டுப் புரோமினை மாட்டிக்கொண்டது. முத்திரை உடையவில்லை. ஆணையில் குளோரின் என்றுதான் எழுதியிருந்தது, ஆகவே பொடி குற்றமற்றதாயிற்று. நாக்கில் துளி பட்டால் இல்லாத ஆட்களெல்லாம் பக்கத்தில் வந்து உட்காரும் சரக்கு அது. அதை ஒரு நடன விடுதியில் பிடித்துவந்த இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆணையை எழுதியவர் சட்டத்துறை வரைவாளர். பொடியைச் சோதித்த வேதியியலாளர் அவர் மனைவி. இன்ஸ்பெக்டர் அவள் தம்பி. ஆக, விவகாரம் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. பொடி வந்த முதல் நாளே அவள் சோதனைக் கருவியின் திரையிலிருந்த மூலக்கூறு வரைபடத்தைப் பார்த்து, "அடேயப்பா, என்ன கை! எந்த மகராசன் செஞ்சானோ!" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அந்த முகம் தனக்காக ஒருமுறைகூட அப்படி மலர்ந்ததில்லை என்பது பக்கத்தில் நின்ற வரைவாளருக்கு அப்போதுதான் உறைத்தது. அலமாரி முன்னால் நின்று புஸ்புஸ்ஸென்று மூச்சுவிட்டுப் பொருமித் தீர்த்துவிட்டுப் போய்த்தான் அந்த முதல் ஆணையை எழுதினார்.

புரோமினைத் தடை செய்தார், பொடி அயோடினுக்குத் தாவியது. அதையும் தடுத்தார், கார்பன் வால் ஒன்று நீண்டது. ஒவ்வொரு தடவையும் அலமாரி முன் ஒரு பொருமல், பிறகு ஓர் ஆணை, பிறகு மனைவியின் "அடேயப்பா". வருஷங்கள் இப்படியே போயின. அதற்குள் அந்த மகராசன், சுருட்டை முடியும் மடித்துவிட்ட சட்டைக் கையுமாக, சாப்பாட்டு மேசையில் அவளுக்குப் பக்கத்திலேயே உட்காரத் தொடங்கியிருந்தான். வரைவாளர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தான்.

"அவனுக்கு என்ன வயசிருக்கும்?"

"எவனுக்குங்க?"

"அதான், உன் மகராசனுக்கு."

"உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. பேசாம சாப்பிடுங்க."

கடைசியில் அவர் அணுக்களை விட்டுவிட்டு, ஒரே வாக்கியத்தில் பொடியின் முழுக் குடும்பத்தையும் வளைத்தார்: இல்லாததை இருப்பதாகக் காட்டும் அவ்வகைப் பொருள் அனைத்தும், அதை உண்டாக்கும் எதுவும், தடை செய்யப்பட்டவை, அரசுச் சேமிப்பறைக்கு வெளியே வைத்திருப்பது குற்றம். பொடிக்குத் தாவ இடமில்லாமல் போயிற்று. மனைவியின் முகமும் வாடிப்போயிற்று. அவர் பல வருஷங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

அந்தப் பொருள் இருக்கும் அறைக்குள் வந்துபோகிறவர் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை என்பதும் அவரே சேர்த்த விதிதான். அவர் ரத்தத்தில் அது இருந்தது. முதல் பொடியிலிருந்து கடைசி வகைவரை ஒன்றுவிடாமல் எல்லாமே இருந்தன. வெளியிலிருந்து வந்ததற்கு அடையாளமே இல்லை. உடம்பே காய்ச்சியிருக்கிறது என்று மனைவி அறிக்கை எழுதினாள். அலமாரிக்குள் பொடியை மாற்றியது அவர் விட்ட மூச்சுதான் என்பதும் அதிலேயே தெளிவாயிற்று.

இன்ஸ்பெக்டர் வீட்டு வாசலில் நெளிந்தார். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்கள வீட்டுல வெச்சிருந்தா அக்காவ உள்ள தூக்கி வெக்கணும். மனுஷனுக்கு விலக்குன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா?"

"தோணலைடா," என்றார் வரைவாளர். சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே போனார்.

இப்போது அவர் சேமிப்பறையில் கட்டிலும் மின்விசிறியுமாக இருக்கிறார். கதவுக்கு அரக்கு முத்திரை. தினமும் காலையில் மனைவி அதை உடைத்து, சாப்பாடு வைத்துவிட்டு, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு போவாள். முதல் நாள் சேமிப்பறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், ஆய்வகத் திரையில் வரைபடம் எழும்பியதும் அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "அடேயப்பா, என்ன கை!" அதே முகம், அதே மலர்ச்சி. அதைக் கேட்ட வரைவாளருக்குக் கண் நிறைந்துவிட்டது. நெடுநேரம் கழித்துத்தான் கவனித்தார், அவள் திரையைப் பார்த்தாளே தவிர இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

அன்றிரவு கட்டிலில் உட்கார்ந்து மறுபடியும் பொருமினார். மறுநாள் அவர் ரத்தத்தில் ஓர் அணு இடம் மாறியிருந்தது.