நான்காவது கேட்

1

"கேட்டை விடு! கம்பிய வெட்டு!" வேலிக்கு அப்பாலிருந்து கத்தினார் மெர்வ். பண்ணைக்காரர்.

பிரென்டன் கட்டிங் பிளேயரை இரண்டு கைகளாலும் அழுத்தினான். முதல் கம்பி சுண்டித் தெறித்தது. பக்கத்திலேயே கேட் இருந்தது, திறக்க முடியவில்லை. செத்த மாடுகள் அதன்மேல் சாய்ந்து குவிந்து கிடந்தன. உயிரோடிருந்தவை அந்தக் குவியலின்மேல் ஏறி நின்று, மெர்வின் முதுகுக்குப் பின்னால் தளும்பிய தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை.

வண்டியருகில் நின்ற மார்னிக்கு இரத்தம் உறைந்து

[இல்லை. நாற்பத்தொரு டிகிரி வெயிலில் எதுவும் உறையாது. பதினெட்டு வருஷம் வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிய கை, தானாக ஓடிவிடுகிறது.]

2

இது எங்கிருந்து கிடைத்த கதை என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நிஜமாக நடந்தது. போன அக்டோபர் பள்ளி விடுமுறை. அடிலெய்டிலிருந்து, கூடாரம் மடித்து வைத்த கேம்பர் டிரெய்லரை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, மரீ என்ற சிற்றூரைத் தாண்டி வடக்கே போன குடும்பம்: அப்பா பிரென்டன், அம்மா மார்னி, பதினான்கு வயது மகள் பிரையனி.

பாதை மாட்டுப் பண்ணைகளுக்குள் புகுந்து போகும். வழிநெடுக கேட்கள். விதி ஒன்றுதான்: திறந்திருந்தால் திறந்தபடி விடு, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போ.*

நான்காவது கேட் திறந்திருந்தது. திறந்தே இருக்கட்டும் என்று யாரோ கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். நான்கு நாள் முகாம் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, அது மூடியிருந்தது. மாடுகள் ஒரு பக்கம், தண்ணீர் மறுபக்கம்.

* அந்தப் பக்கத்தில் குடித்துவிட்டு வேலியை இடித்தவனைக்கூட மன்னிப்பார்கள். கேட் விஷயத்தில் மன்னிப்பு கிடையாது.

3

செத்தவை முப்பத்தேழு. எண்ணியது மெர்வ் அல்ல, பிரையனி. எண்ணி முடித்ததும் வாந்தி எடுத்தாள்.

"யாரு மூடுனது?" மெர்வ் குரலை உயர்த்தவே இல்லை.

"வேற வண்டி எதாச்சும் வந்திருக்கும்," என்றான் பிரென்டன்.

"நாலு நாளா இந்த மண்ணுல உன் டிரெய்லர் தடம் மட்டுந்தான்யா கெடக்கு. கங்காரு வந்து கம்பிய அவுத்துச்சா?"

பிரென்டன் மெல்ல மகளைத் திரும்பிப் பார்த்தான். "கேட்டு உன் வேலைதானே?"

"நான் அங்க இறங்கவே இல்லப்பா! தொறந்துதானே கெடந்துச்சு!"

"காதுல பாட்ட மாட்டிக்கிட்டு இறங்கியிருப்ப. உனக்கே தெரிஞ்சிருக்காது."

"சத்தியமா இறங்கல. அம்மா, நீயாவது சொல்லேன்!"

மார்னி ஒன்றும் சொல்லவில்லை.

[இந்த இடத்தில் மார்னியை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. ஒரு வசனம் கொடுத்துப் பார்த்தேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.]

4

வரைவுகளைச் சொல்கிறேன்.

முதல் வரைவில் பிரையனியே மூடினாள். வாசகருக்கு ஒரு குற்றவாளி வேண்டுமே. ‘துருப்பிடித்த கம்பியை மூன்று சுற்று அவிழ்த்தாள், கட்டைவிரல் நகம் பிய்ந்து ரத்தம் கசிந்தது’ என்று, பக்கத்தில் நின்று பார்த்ததுபோல் எழுதினேன்.

இரண்டாவதில் மெர்வே மூடிவிட்டு மறந்துபோனார். எழுபத்திரண்டு வயது, எல்லோரும் நம்புவார்கள். ஆனால் கன்று ஒன்றின் வாயில் அவர் தொப்பியால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. கிழித்தேன்.

மூன்றாவதில், ‘பாலையிலிருந்து ஒரு சூறைக்காற்று எழுந்து கேட்டை’

காற்றுக்குக் கம்பி அவிழ்க்கத் தெரியாது.

இவற்றில் முதல் வரைவு மட்டும் எங்கள் சமையலறை மேஜைமேல் கிடந்துவிட்டது. பிரையனி எடுத்துப் படித்திருக்கிறாள்.

ஆமாம், என் மகள்தான். மார்னி என்பது நான் ஒளிந்துகொள்ள வைத்த பெயர்.

5

நேற்று மத்தியானம் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"நான்தாம்மா மூடியிருக்கேன். இதப் படிச்சதும் எல்லாம் ஞாபகம் வந்துருச்சு. மூணு சுத்து. நகம்கூட பிஞ்சுது."

"அது கதைடி."

"நீ எங்க கதை எழுதியிருக்க? நடந்தத எழுதியிருக்க."

"பிரையனி, அந்த நகத்த நானாத்தான் சும்மா சேர்த்தேன்."

"எனக்கு வலிச்சதே ஞாபகம் இருக்கு. சும்மா சமாதானம் சொல்லாத."

கட்டைவிரலைக் காட்டினாள். அதில் ஒன்றும் இல்லை. இருந்தும் தடவிக்கொண்டே இருந்தாள். ஆறு மாதம் ‘இல்லை, இல்லை’ என்று சாதித்த பெண்ணை, என்னுடைய ஒரே பக்கம் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டது.

மெர்வுக்கு மன்னிப்புக் கடிதமும் எழுதி முடித்துவிட்டாள். ‘முப்பத்தேழையும் கொன்றவள் நான்’ என்று தொடங்குகிறது. இன்று பள்ளி விட்டு வந்ததும் தபாலில் போடுவாளாம்.

6

மூன்று மணி ஆகிறது. இந்தப் பக்கங்களை அவள் கடிதத்தின்மேல் வைக்கப்போகிறேன். படிப்பாளா, படித்தபின் என்னை அம்மா என்று கூப்பிடுவாளா, அதை நான் எழுதுவதாக இல்லை. இனி அவள் தலைக்குள் நடக்கும் எதையும் நான் எழுதக் கூடாது. அவளுக்குப் பதினைந்து வயது ஆகப்போகிறது. நீங்கள் அந்த வயதில் என்ன செய்திருப்பீர்களோ, அதை இங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

உங்களிடமும் மறைத்தது ஒன்று பாக்கி.

நான்காவது கேட்டைத் தாண்டியதும் ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று வண்டியை நிறுத்தச் சொன்னேன். என் கணவர் வரைபடத்தில் மூழ்கியிருந்தார். பிரையனி காதில் பாட்டு. பின்னால் நடப்பதை டிரெய்லர் மறைத்திருந்தது. முந்தைய மூன்று கேட்களிலும் ‘மூடவும்’ என்ற பலகை இருந்தது. யாரோ பொறுப்பில்லாமல் இதைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்களே என்று எனக்குக் கோபம்.

கம்பியை அவிழ்த்தேன். கேட்டை இழுத்து மூடிக் கொக்கியை மாட்டினேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.